தலைகீழாய் நின்ற யானைகள்

எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வெயில் நேராகக் கட்டிலில் வந்து உட்காரும். என் ஒன்றரை வயது மகளும் அதோடு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். குழந்தைக்குப் பகல் தூக்கம் முக்கியம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, அவள் தூங்காத ஒவ்வொரு மதியமும் அவளுடைய மூளையில் ஏதோ ஒரு பகுதியை நானே வளரவிடாமல் செய்வதாக எனக்குத் தோன்றும்.

கடையில் தைத்தே விற்கும் ஸ்கிரீன் துணி எதுவும் எங்கள் ஜன்னலுக்குப் பொருந்தவில்லை. கல்யாணச் சீரில் வந்த தையல் மிஷின் துணி மடித்து வைக்கும் மேசையாக நின்றுகொண்டிருந்தது. வீடியோ பார்த்து நானே தைத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். காந்திபுரத்துக் கடையில் கனமான துணியாகக் கேட்டேன். பூப்போட்டதா, யானை போட்டதா என்று வெகுநேரம் குழம்பினேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டுமே வெயில மறைக்குமுங்க அம்மணி."

யானையை வாங்கினேன். அளந்ததையே மறுபடி மறுபடி அளந்தேன். துணியை நடுவில் மடித்து, மடிப்பில் வெட்டி, இரண்டு துண்டையும் வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்துத் தைத்தேன். இதில் என்ன தப்பு என்று மாட்டிய பிறகுதான் தெரிந்தது. இடது பக்கத்து யானைகள் நடந்து போயின. வலது பக்கத்து யானைகள் காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கின.

என் கணவர் வந்து பார்த்தார். "இந்தப் பக்கத்து ஆனையெல்லாம் யோகா பண்ணுதுங்களா?" என்றார். வழக்கமாக எனக்கு அவர் 'ங்க' போடமாட்டார்.

பிரிக்கலாமா, விடலாமா என்று யோசித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அறை நன்றாக இருட்டிவிட்டது. ஆனால் மகள் தூங்கவில்லை. கட்டிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டு அந்த யானைகளைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவை நேராக நின்றன. கண்டுபிடித்த சந்தோஷத்தில் மதியம் முழுக்கக் குனிந்தே இருந்தாள்.

அந்த வாரம் அவிநாசியிலிருந்து மாமியார் வந்தார். ஸ்கிரீனைப் பார்த்து, "நல்லா இருக்குது அம்மணி, கனமான துணி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கவனிக்கவில்லை என்று நிம்மதியானேன். அப்போது மகள் குனிந்தாள். மாமியார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தண்ணீர் கேனைத் தூக்கப் போனேன். "அதைய நீ தூக்காத கண்ணு" என்று மாமியார் ஓடி வந்தார். ஃபிரிட்ஜில் வைத்திருந்த பப்பாளியைக் காணவில்லை. மறுநாள் எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் மாங்காய் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொண்டுவந்தார்.

"எதுக்குங்கக்கா?"

"சும்மாதானுங்க. வாய்க்கு ருசியா இருக்குமல்ல."

அப்போதுதான் உறைத்தது. குழந்தை குனிந்து காலிடுக்கில் பார்த்தால் அடுத்த குழந்தையைக் கூப்பிடுகிறது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உள்ளே போய் மாமியாரிடம், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கத்தை" என்றேன். "சரி கண்ணு, மூணு மாசம் ஆகட்டும், நான் வாயவே தொறக்கல" என்றார். அவர் இவ்வளவு உறுதியாக இருந்ததில் எனக்கே சந்தேகம் வந்து, மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிப் பார்த்தேன். இல்லை என்று ஒரே கோடுதான். அந்தக் கோட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கடைசியில் அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். "ஒரு துண்டத் தலைகீழாத் தெச்சுப்போட்டேனுங்கத்தை. அவ ஆனைய நேராப் பாக்கத்தான் குனியறா. வேற ஒண்ணுமில்லீங்க."

மாமியார் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "வந்தன்னைக்கே பாத்தேன் அம்மணி. ஆசையாத் தெச்சிருக்கற, சொன்னா மனசு சங்கடப்படும்னு உட்டுப்போட்டேன்" என்றார். அந்தத் தலைகீழ் யானைகளையும் குனிகிற பேத்தியையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதம் பொத்தி வைக்க வேண்டியதை எதிர்வீட்டில் சொன்னது யார் என்று நானும் கேட்கவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியைக் கழற்றி, வலது பக்கத்துத் துண்டை மேல்கீழாகத் திருப்பினேன். கீழ்ப்பக்கத்தையும் மேலே போலவே அகலமாக மடித்துத் தைத்திருந்ததால், அதற்குள்ளேயே கம்பியை நுழைத்து மாட்டிவிட்டோம். எல்லா யானைகளும் ஒரே பக்கமாக நடந்தன. மகள் நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இப்போது எல்லாமே தலைகீழ். ஏமாந்துபோய், குனிந்தபடியே தலையைத் தலையணையில் வைத்தவள், பின்புறத்தைக் கூரைப் பக்கம் தூக்கிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

"கழுத்து சுளுக்கிக்காதுங்களா?" என்று மாமியாரிடம் கிசுகிசுத்தேன்.

"தொட்டீன்னா முழிச்சுக்கும். வா."

கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா, கையில் மாதுளம்பழத்தோடு நின்றார். "மாசமா இருக்கறப்ப இது ரத்தத்துக்கு நல்லதுங்க அம்மணி. எத்தன நாளாச்சுங்க?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

இல்லை என்று விளக்கினால் பேச்சு நீளும். பேச்சு நீண்டால் உள்ளே அவள் எழுந்துவிடுவாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அக்கா உடனே புரிந்துகொண்டு, ரகசியத்தைக் காப்பாற்றுகிறவராகத் தலையாட்டினார்.

பழத்தை வாங்கிக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன்.