கடுகளவுப் புள்ளி

எங்கள் அருங்காட்சியகத்தின் பூச்சி அறைக்கு ஜன்னல் கிடையாது. வைத்தால் ஈரமும் எறும்பும் வந்துவிடுமாம். அந்த அறையில் பழுப்பு அந்துப்பூச்சிகளை வகை பிரித்து, பெயர்ச் சீட்டு எழுதி, பெட்டியில் ஊசியால் குத்திக்கொண்டு இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. பூச்சியக்கா என்போம். அந்துருண்டை நாற்றத்தில் தினமும் அவளுக்கு மண்டையைப் பிளக்கும். அவள் கேட்டதெல்லாம் வாசலில் டிக்கெட் கொடுக்கும் என் நாற்காலியைத்தான். எனக்கு அடுத்த மாதம் ஓய்வு. அங்கே உட்கார்ந்தால் காற்று வரும், பஸ் நிறுத்தம் தெரியும்.

"நீ போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பிரிப்பா?" என்று மேலதிகாரி மூன்று தடவை மனுவைத் திருப்பிவிட்டார். கெட்டிக்காரியாக இருந்ததற்குத் தண்டனை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு வகைப் பூச்சிகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். காய்ந்த இலை நிறம், உடம்பெல்லாம் ரோமம், முன்னிறக்கையில் குறுக்கே ஒரு கோடு. ஒரு வகைக்கு மட்டும் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. இரண்டுமே புழுவாக இருக்கையில் மரத்தண்டில் கும்பலாக அப்பிக்கிடக்கும், தொட்டால் அரிக்கும், கிளை கிளையாக மொட்டையடிக்கும். இறக்கை முளைத்ததும் தின்ன வாயே இருக்காது. புழுவில் தின்றதை வைத்துப் பத்து நாள் ஓட்டிவிட்டுச் செத்துப்போகும்.

"நானும் வாயில்லாப் பூச்சிதாண்ணே. அதுக்காவது இறக்கை இருக்கு" என்பாள்.

"ரெண்டு சீட்டை மாத்திக் குத்திவிடும்மா. கண்ணு மங்கிப்போச்சுன்னு அவரே உன்னை வெளிய அனுப்பிடுவாரு" என்றேன். யோசனை என்னுடையதுதான்.

திங்களன்று மாற்றிக் குத்தினாள். மறுநாள் மேலதிகாரி பெட்டியைத் திறந்து, வெளியூர் ஆய்வாளர் ஒருவருக்குக் காட்டினார். இருவரும் மேலாகப் பார்த்து "பிரமாதம்" என்றார்கள். ஆய்வாளர் சீட்டில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார். தப்பைக் கண்டுபிடிக்கவும் அவள்தானே வேண்டும்? மரமண்டை, அது எனக்கு உறைக்கவில்லை.

அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். "தப்பா எழுதிட்டுப் போறாருண்ணே."

"போனா போறாரு, விடு!"

விடவில்லை. பஸ் நிறுத்தம் வரை ஓடி, மூச்சிரைக்க அவரை அழைத்துவந்து, பூச்சியைத் திருப்பிப் புள்ளியைக் காட்டினாள்.

"பாத்தீங்களா சார், இவங்கள எப்படி நான் விடுவேன்?" என்று மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடைசி நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். ஆத்திரம் அடங்காமல், "ஏம்மா சொன்னே?" என்றேன்.

"வேற யாருக்குண்ணே தெரியும்?" என்று சொல்லி, அடுத்த ஊசியை எடுத்தாள்.