எங்கப்பாவின் விஞ்ஞானப் புகழ்

எங்கப்பாவை உலகம் முழுக்க விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற விஷயம் போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போட்டிருக்கிறார். பெயர் சுப்பிரமணி. படிப்பு... அதை விடுங்கள்.

நிஜ விஞ்ஞானி என் தங்கை கலைச்செல்வி. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் பொடிப்பொடியாக வழிகள் இருக்கின்றனவாம். அயான் சேனல் என்று பெயர். கால்சியமும் சோடியமும் அது வழியாகப் போய் வருவதால்தான் இதயமே துடிக்கிறது. சரி, அளவுக்கு மேல் போகாமல் கதவை யார் சாத்துவது? ஒரு வகை சேனலில், உள்ளே போன கால்சியமே அந்த வேலையைச் செய்கிறது. அதை அளந்து காட்டியவர்களில் இவளும் ஒருத்தி.

இவளுக்குத் தனி லேப் கொடுப்பதா, இல்லை கருவிகளைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் எத்தனை இடத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள் — சைட்டேஷன் என்கிறார்கள் — என்று பார்க்கத் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் உண்டு. கமிட்டி புரட்டியது. 'கோவிந்தன்' என்ற பெயரில் ஏதோ கொஞ்சம். "சுப்பிரமணி என்று ஒருவர் இதே விஷயத்தில் பிரமாதமாகச் செய்திருக்கிறாரே, படித்திருக்கிறீர்களா?" என்று இவளிடமே கேட்டிருக்கிறார்கள்!

நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் இனிஷியல், ஒரு பெயர். முடிந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். கலைச்செல்வி சுப்பிரமணி ஆனாள். பின்னால் இருப்பதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவள் உழைப்பை எல்லாம் அப்பா தலையில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம். வழக்கம்போல இனிஷியல் மாறியது. கலைச்செல்வி கோவிந்தன். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் எல்லாம் மாப்பிள்ளை பெயரில்! மாப்பிள்ளை பேங்க்கில் கேஷியர்.

அந்த சுப்பிரமணியும் நான்தான் என்று இவள் சொன்னதற்கு, "இரண்டு பேரும் ஒரே ஆள் என்று உங்கள் ஊர் தாலுகா ஆபீஸில் சர்ட்டிபிகேட் வாங்கி, திங்கட்கிழமைக்குள் கொடுங்கள்" என்றது கமிட்டி.

அவள் வந்த நேரம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் இல்லாமல், ஒரு கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எங்களை ஒழுங்காகக் கணக்கெடு, எங்களுக்கு உள்ளதைக் கொடு என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. இவள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதானே?

தாலுகா ஆபீஸில் கிளார்க் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சாதி சர்ட்டிபிகேட்டாம்மா?"

"இல்லீங்க. கலைச்செல்வியும் சுப்பிரமணியும் ஒரே ஆளுன்னு ஒண்ணு வேணும்."

இப்போது நிமிர்ந்தார். "சுப்பிரமணி யாரு?"

"நாந்தாங்க" என்றார் அப்பா, பெருமையாக. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா மனுஷன்?

"ஏம்மா, வெளையாட்றியா? அவுரு குத்துக்கல்லாட்டம் எதுர்ல நின்னுக்கினு இருக்காரு. ரெண்டு பேரும் ஒர்த்தர்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு நெலம் யாரு பேர்ல இருக்கும்? என் வேலைக்கு இல்ல ஒல வெப்பாங்க!"

நான் குறுக்கே புகுந்து செல், சேனல், கமிட்டி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கோவிந்தன்னீங்களே, அது யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள் செல்வி.

"அவரும் இதே ஆளுதானா?"

செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப அவரையும் இட்டுக்கினு வாங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. தாசில்தார் மறியல் எடத்துல இருக்காரு, வந்தாப் பாக்கலாம்."

தாசில்தார் வரவில்லை. பெங்களூரிலிருந்து மாப்பிள்ளையாலும் வர முடியவில்லை. திங்கட்கிழமை வந்துவிட்டது. தபாலாபீஸில் காத்துக் கிடந்து ஆராய்ச்சி நிலையத்துக்கு ட்ரங்க் கால் போட்டால் பதில் — லேப் வேறொருவருக்கு. வருஷக்கணக்காக ராத்திரி பகல் பாராமல் உழைத்தவளை, ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்களே?

செல்வி அழவில்லை. அச்சுக்குப் போகவேண்டிய புதுக் கட்டுரையைப் பையிலிருந்து எடுத்தாள். பெயர் இருந்த இடத்தில் 'கோவிந்தன்' என்பதை அடித்தாள்.

"வெறும் கலைச்செல்வின்னு போட்டுடேன்" என்றேன்.

"ஒத்தப் பேர ஒத்துக்க மாட்டாங்கண்ணே. ரெண்டு இருந்தே ஆவணும்." கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுதினாள் — கலைச்செல்வி கலைச்செல்வி.

அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னாம்மா இது, ஒரே பேர ரெண்டு வாட்டி எழுதிக்கினு?"

"அவனுங்க எந்தப் பக்கம் பொரட்னாலும் இனிமே நான்தாம்ப்பா வரணும்."