குரங்குக் குல்லாவும் மூளைக் கட்டியும்

சுருங்கிப்போன குரங்குக் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டு, மூளையில் கட்டி என்று பத்து நாள் செத்துக்கொண்டிருந்தவன் நான். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவனால்தான் இவ்வளவு நேர்த்தியாக முட்டாளாக முடியும்.

குல்லாவைக் கொதிநீரில் போட்டு அலசியதும் நான்தான். ஊட்டிக் குளிருக்குப் பயந்து தூக்கத்திலும் அதைக் கழற்றவில்லை. விடிந்தால் தலைவலி. இடது காது மந்தம். மார்க்கெட்டில் பக்கவாட்டில் வந்த கேரட் மூட்டை கண்ணில் படவே இல்லை. மோதிய பிறகுதான் பட்டது. செல்போனில் தேடினேன். மூன்றுமே மூளைக் கட்டியின் அறிகுறிகள். நான்காவதாகக் குணமும் மாறுமாம். மாறியிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஏனுங்க, மாறுனா நல்லதுதானுங்களே?"

கோயம்புத்தூரிலிருந்து நரம்பு டாக்டர் ஒருவர் வியாழக்கிழமைகளில் மட்டும் ஊட்டிக்கு வருவார். மூடுபனி கவிவதற்குள் மலை இறங்கிவிடுவார். போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒருத்தரத்தான் பார்ப்பாரு" என்றார்.

மிச்சம் இருந்தது இரண்டு பேர். எனக்கு முந்தைய டோக்கன் ஓர் அம்மாவுடையது. நடுவட்டம் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"வலது கையில கொழுந்து நிக்குதில்லய்யா. புடிக்க ஏலுதில்ல. ரெண்டு நாளு பேச்சும் கொழறிப் போச்சு."

குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். நானோ என் பட்டியலைக் குரல் தழுதழுக்க ஒப்பித்தேன்.

"அடப் பாவமே! நீங்க போங்கய்யா. நான் அடுத்த கெழம வாறேன்."

போனேன். அதுதான் கேவலம்.

டாக்டர் என் காதோரம் விரலை ஆட்டி, தெரிகிறதா என்றார். தெரியவில்லை. எட்டிக் குல்லாவை உருவினார். விரல் தெரிந்தது. அவர் கேட்காமலேயே காதும் திறந்துகொண்டது.

"இத எத்தன நாளா போட்டிருக்கீங்க?"

"பத்து நாளா."

"தலவலி?"

"அதுவும்... பத்து நாளா."

மொத்தம் மூன்று நிமிடம். வெளியே இருக்கும் அம்மாவைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தேன். கை நழுவுகிறது, பேச்சு குழறுகிறது என்றதும் டாக்டரின் சிரிப்பு நின்றது. "உடனே வரச் சொல்லுங்க."

அவரை அரை மணி நேரம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா சீட்டோடு வெளியே வந்தார்.

"நாளைக்கே தலைய ஸ்கேன் எடுக்கணுமாம். ஒரு கெழம தள்ளியிருந்தா சிக்கலாயிருக்குமாம். ஒங்களுக்கு என்னய்யா?"

"குல்லா இறுக்கமாம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடுத்த தடவ வந்தீங்கன்னா, எனக்குப் பின்னாலயே உக்காருங்கய்யா."