குஞ்சம்மாளின் கண்ணோரம்

தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டத்தில், காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் ஸ்டோர் கதவுக்கு முதலில் கைரேகை மிஷின்தான் வைத்தார்கள். வருசக்கணக்காகப் பழம் பறித்துத் தேய்ந்த விரல்களை அது ஏற்கவில்லை. அதனால் 2009-ல் கண்ணைப் பார்க்கும் மிஷின் வந்தது. எல்லாருக்கும் கதவு திறந்தது, உள்ளே கொட்டை பொறுக்கும் குஞ்சம்மாளுக்கு மட்டும் திறக்கவில்லை. கண்டித் தோட்டத்தில் பிள்ளையாய் இருந்தபோது அம்மை போட்டு, இரண்டு கருமணியிலும் பூ விழுந்திருந்தது. கொட்டை பொறுக்கப் பார்வைக்குக் குறைவில்லை. மிஷினுக்குத்தான் அந்தக் கண் பிடிபடவில்லை.

மிஷின் ஏற்காதவர்கள் மறுபடி சரிவில் பழம் பறிக்கப் போகவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். குஞ்சம்மாளின் முழங்காலுக்குச் சரிவு ஆகாது. போ என்றால் வேலையே போனமாதிரிதான். அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. மிஷின் மாட்ட வந்திருந்த ஷைலாவிடம் நேரே போனாள்.

“கருமணி வேணாம்னா வேற எதையாச்சும் பாக்கச் சொல்லு தங்கச்சி. ஆளு நான்தானே.”

அந்தப் பேச்சு ஷைலாவை யோசிக்க வைத்தது. கருமணியை விட்டு, சுற்றியுள்ள புருவம், இமை, தோல் சுருக்கம் எல்லாவற்றையும் படமெடுத்தாள். சாதா வெளிச்சத்தில் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தபோது மிஷின் தடுமாறி, ஒருநாள் அவளை, கூட வேலை செய்யும் வேலுத்தாய் என்றது. இரண்டிலும் கண்ட அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வைத்தபின் தவறு குறைந்தது. குஞ்சம்மாளும் விடவில்லை. மழையோ பனியோ, வெள்ளனே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் சோதனை. ஞாயிற்றுக்கிழமை அவள் பழனிக்கு இறங்கினாள். நினைத்தது நடந்தபின் முடி கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். முருகனிடம் போய்ப் பேரம் பேசுவதா என்று முன்னதாகவே கொடுத்துவிட்டாள்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்தவளைக் கண்டு, வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கே ஆளத் தெரியல மதினி. மிஷினு பாவம், என்ன செய்யும்?”

மேனேஜர் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, குஞ்சம்மாள் எங்கே என்று கேட்டார். மிஷினே சொல்லட்டும் சார் என்றாள் ஷைலா.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஷைலா குனிந்து பார்த்தாள். சந்தனம் வழிந்து புருவத்தின்மேல் காய்ந்திருந்தது. தலையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். குஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை.

“சாமி சந்தனம் தலையில இருக்கட்டும் தங்கச்சி. கண்ணோரம் எறங்குனத மட்டும் தொடச்சுக்கிறேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

முந்தானை நுனியை நனைத்துப் புருவத்தை ஒற்றியெடுத்தாள். சந்தனம் பட்ட நுனி தரையில் படாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி முகத்தைக் காட்டினாள்.

பச்சை விளக்கு. திரையில் அவள் பெயர் வந்தது. கதவுப் பூட்டு விட்டது.

மேனேஜர் திரையையும் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கே தெரியல, இதுக்குத் தெரிஞ்சிருச்சே” என்றார்.

அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. உள்ளே போய் முறத்தை இழுத்துப் போட்டு, கறுத்த கொட்டைகளை ஒதுக்க ஆரம்பித்திருந்தாள்.