மூங்கில் ஓவியத்தில் ஒரு குங்குமப் பொட்டு

கிளென் வேவர்லிப் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கராஜுக்குள் ஒரு கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே இருந்தது ஒரு நீளமான மேசை, அதன்மேல் ஒரு கம்பளி விரிப்பு, சாடி நிறையத் தூரிகைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சீனக்காரர் ஒருவர் சனிக்கிழமைக் காலைகளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூங்கில் வரைவார். எல்லாரையும் கூப்பிடுவது போல அவரையும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம், அவர் மனைவியை அன்ரி என்று. நான் புல் வெட்டுகிற சாட்டில் வெளியே வந்து, புல்லை மறந்துவிட்டு அவர் மேசையருகில் போய் நிற்பேன்.

எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு. மூங்கில் பச்சைதானே, ஏன் கறுப்பு மையிலேயே வரைகிறீர்கள்? தாளில் பாதியை ஏன் சும்மா விடுகிறீர்கள்? கறுப்பைத் தண்ணீரில் கரைக்கத் தெரிந்தால் அதற்குள்ளேயே எல்லா நிறமும் இருக்கிறதாம். சும்மா விட்ட இடம் காற்றுக்காம். "நீ ஒரு கேள்வி கேட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு வருகின்றன" என்று அங்கிள் சிரிப்பார். ஆனால் ஒன்றையும் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

ஒருநாள் ஒரு பழைய ஓவியத்தின் பிரதியைக் காட்டினார். மலைக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கவிதை எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து. சுற்றிவரச் சிவப்பு முத்திரைகள். வரைந்தவர் செத்துப் பல காலத்துக்குப் பிறகும், ஓவியம் கையில் கிடைத்தவர்கள் எல்லாம் ரசித்து எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. புத்தகத்தில் பேனாக் கோடு விழுந்தாலே முதுகில் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். "இது படத்தை நாசமாக்குகிற வேலையில்லையா?" என்று கேட்டுவிட்டேன். "ஒருவரும் எழுதவில்லை என்றால் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்" என்றார்.

பிறகு என் கைபேசியில் இருந்த தமிழ்ச் செய்தியை எட்டிப் பார்த்தார். "என் மூங்கில் எல்லாம் நேர்கோடு, உன் எழுத்தெல்லாம் வட்டம். ஒருநாள் என் ஓவியத்தில் நீ எழுத வேண்டும்." அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அங்கிள் இறந்துபோனார். சில வாரங்கள் கழித்து அன்ரி ஒரு சுருளோடு வந்தார். அங்கிள் கடைசியாக வரைந்த மூங்கில். இடது பக்கம் முழுவதும் வெறுமை. "இந்த இடம் உனக்காக விட்டது. இன்னும் முத்திரைகூடக் குத்தவில்லை. எழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் குத்துவார்" என்றார். கவனமாக வைத்திரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டுப்போனால் திரும்ப வரைய ஆள் இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஓவியத்தை விரித்து, சுருளாமல் இருக்கப் பருப்புப் போத்தல்களை வைத்தேன். பழைய பேப்பரில் தூரிகையால் எழுதிப் பழகினேன். எழுத்துகள் தோசை போல விரிந்தன. என்ன எழுதுவது என்றும் பிடிபடவில்லை. நாட்களைக் கடத்திக்கொண்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மல்கிரேவில் வேலை முடிந்து வந்து பார்த்தால், ஓவியத்தின் கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

"இதென்னப்பா இது?"

"குங்குமம்" என்றாள் மனைவி குசினிக்குள் அடுப்படியில் இருந்து. "நீங்களும் எத்தினை நாளா எழுதத் தொடங்காமல் இருக்கிறியள். கலியாணக் காட் எண்டாலும் மூலையில மஞ்சள் பூசித்தானே குடுக்கிறனாங்கள். நல்லாத் தொடங்கட்டும் எண்டு வச்சனான்."

நாலு மூலைகளிலும் வைக்காமல் விட்டதே பெரிய காரியம். ஈரக் குங்குமம் தாளுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. பஞ்சால் ஒற்றப் போய் இன்னும் கொஞ்சம் பரவியது. நான் கத்தினேன். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும் என்றேன்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றாள். "நானே அன்ரியிட்டச் சொல்லுறன்."

மறுநாள் அந்தக் கராஜ் மேசையிலேயே ஓவியத்தை விரித்தோம். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது யாருடைய விரல்?"

மனைவி மெல்லக் கையை உயர்த்தினாள். எதைத் தொடங்கினாலும் இப்படி ஒன்று வைப்பது எங்கள் வழக்கம் என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தொடங்குவதற்கா?" அன்ரி மறுபடியும் கேட்டார். "நாங்கள் சிவப்பை முடிக்கிறபோதுதான் வைப்போம்."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு கல் முத்திரையையும், சிவப்பு மைக்குழம்பு இருந்த பீங்கான் டப்பாவையும் எடுத்தார். "என் பிள்ளைகள் என்னையே குத்தச் சொன்னார்கள். குத்திவிட்டால் அவர் முடிந்துபோவார் என்று பயமாக இருந்தது. அதனால்தான் உன்னிடம் கொண்டுவந்தேன். நீ தாமதிக்கத் தாமதிக்க எனக்கு ஆறுதலாக இருந்தது."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்ரி மைக்கல்லில் தண்ணீர் விட்டு மை உரைத்து, அதை என் பக்கம் தள்ளினார்.

"உன் மனைவி தொடங்கிவிட்டாள். எழுது."

பேப்பரில் எழுதிப் பழகிய வரிகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தூரிகையைத் தோய்த்து, 'இன்னும் கேள்விகள் இருக்கின்றன' என்று எழுதினேன். வரி கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அன்ரி முத்திரையைக் குழம்பில் தொட்டு, குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். எடுத்தபோது இரண்டு சிவப்பும் ஏறக்குறைய ஒரே நிறம்.

"என்ன எழுதினாய்?" என்று கேட்டார். சொன்னேன்.

அவர் முத்திரையைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அடுத்த சனிக்கிழமை வா" என்றார். "உன் கேள்விகளில் பாதிக்காவது எனக்குப் பதில் தெரியும்."