சித்திக்கு எடுத்த படம்

என் சித்திக்குக் கீழ்த்தாடை சின்னது. பக்கவாட்டில் பார்த்தால் உதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று கழுத்துக்குள் இறங்கிவிடும். இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது அம்மாவின் நம்பிக்கை. தன் தங்கையான சித்திக்குச் சிறு வயதிலேயே அம்மா ஒரு வித்தை பழக்கியிருந்தாள். ஆள் வந்தால் தாடையை முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஜாதகத்தோடு அனுப்புவதற்காகத் தேரடி வீதி ஸ்டுடியோவில் நிற்கும்போது, "நேரா பாரும்மா, ஆடாத" என்று போட்டோக்காரர் சொன்னதுமே தாடை தானாக முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தச் சித்தி ஒருநாள் யாரையும் கேட்காமல் தாடை ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டு வந்து நின்றாள். "நல்லா கடிச்சி சாப்பிடணும்க்கா, அவ்ளோதான்" என்றாள். அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். எலும்பை எவ்வளவு நகர்த்துவது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார். படம் என்று காதில் விழுந்ததும் அம்மா சித்திக்குப் பவுடர் பூசி, ஜிமிக்கி மாட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து அடி அண்ணாமலையிலிருந்து கிளப்பினாள். பௌர்ணமி நாள் வேறு, கிரிவலக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. எனக்கு எட்டு வயது. சித்தி எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு போவதுதான் என் வேலை.

ஸ்கேன் எடுக்கிற பெண் முதல் காரியமாக ஜிமிக்கியையும் ஹேர்பின்னையும் கழற்றச் சொன்னாள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. டாக்டர் முன்பே சித்தியின் மோவாயைக் கையால் பிடித்து, தாடை இயல்பாக இருக்கும் இடத்தில் ஒரு மெழுகுத் துண்டில் பல் பதித்துக் கொடுத்திருந்தார். அதை வாயில் வைத்து, "பதிஞ்ச மாதிரியே கடிங்க. நேரா பாருங்க, ஆடாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், தாடை முன்னால் வந்துவிட்டது. மெழுகின் பள்ளத்தில் பல் உட்காரவில்லை. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் வந்தது.

"இப்படியே எடுத்தா டாக்டரு தாடைய கம்மியாதான் நகத்துவாருங்க. ஆபரேஷன் பண்ணியும் வீணா பூடும்" என்றாள் அவள்.

சித்தி என்னென்னவோ செய்து பார்த்தாள். பழகிய தாடை கேட்கவில்லை. தினமும் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் நான். "சித்தி தூங்கறப்போ இப்படி இருக்காது" என்று என் தாடையைத் தளரவிட்டு நடித்துக் காட்டினேன். அம்மா நறுக்கென்று கிள்ளினாள்.

"பாப்பா சொல்றது கரெக்டுங்க. தூங்கற மாதிரி விட்டுடுங்க" என்றாள் ஸ்கேன் பெண்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். "அக்கா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

என்னை ஒன்றும் சொல்லவில்லை. எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். சித்தியின் தாடை மெல்லப் பின்னால் போயிற்று. காலையில் கண் விழித்ததும் நான் பார்க்கிற முகம் வந்தது. எனக்கு அந்த முகத்தைத்தான் ரொம்பப் பிடிக்கும். மிஷின் அவள் தலையைச் சுற்றி வந்து நின்றது.

"சரியா வந்துட்ச்சிங்க" என்று குரல் கேட்டது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படம்தான் நன்றாக வந்துவிட்டதே, இனி இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.