ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய முதல் வருடம் அது. எங்கள் முன்பள்ளிக்கு அப்போது தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவரும் மட்டுமே இருந்தன. அதன் ஒரே ஆசிரியை நான். ஒருநாள் நிவாரண லொறியொன்று வந்து விளையாட்டுச் சாமான் மூட்டையை இறக்கிவிட்டுப் போனது. பந்து, கரடிப் பொம்மை எல்லாவற்றுக்கும் அடியில் மூடியில்லாத ஒரு பெட்டி. உள்ளே வளைத்தும் நெளித்தும் வெட்டிய கடதாசி மட்டைத் துண்டுகள், ஒரு பக்கம் மட்டும் நிறம். என்ன சாமான் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பங்கிடத் தெரியுமே. அகதி முகாமில் ஒரு குளிக்கிற சவர்க்காரக் கட்டியைக்கூட நூலால் அறுத்துப் பங்கிட்டவர்கள் நாங்கள். இருபது பிள்ளைகள், ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு. ஒருவருக்கும் கூடவில்லை, குறையவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

மிஞ்சிய பத்தும் என் மேசையில் கிடந்தன. பிள்ளைகள் போனபின் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டன. வெள்ளை நிறத்துக்கு நடுவே பாதிக் கண் ஒன்று என்னைப் பார்த்தது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவும் சேர்ந்தது ஒரே படம். அதைத்தான் இருபது வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கண் யாருடையது? அன்றைக்கு வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. வங்காலையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் காட்டினேன். மீன் கண் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார். என் கணவர் மாடு என்றார். விடிந்ததும் மாட்டடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதுவும் இல்லை என்றார்.

துண்டுகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு நாளில் பத்தொன்பது வீட்டுத் துண்டுகளும் வந்துவிட்டன. ஒன்றைப் பிள்ளை சப்பியிருந்தது, இன்னொன்றைக் கோழி கொத்தியிருந்தது. பாயில் எல்லாவற்றையும் நிறப்பக்கம் மேலே வரப் பரப்பிப் போட்டோம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல்நாள் முழுக்க முழித்தேன். பிறகுதான் சில துண்டுகளின் ஒரு பக்கம் நேராக இருப்பது கண்ணில் பட்டது. வயலுக்கு முதலில் வரம்பு கட்டுவதுபோல அவற்றைச் சுற்றிவர அடுக்கினோம். பிறகு நீலத்தை ஒரு சுளகிலும் பச்சையை இன்னொரு சுளகிலும் பிரித்தோம். பொருந்தாத துண்டைக் குத்தி இறுக்கப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளைவிட எனக்குத்தான் அதிகம். திருப்பிப் பார்த்தால் தானாக விழும் என்று கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நாலாம் நாள் ஏரி வந்தது, புல் வந்தது, ஏதோ ஒரு மிருகத்தின் நாலு காலும் வந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. இருபதாவது வீடு இன்னும் தரவில்லை.

அந்தப் பிள்ளையின் தாய் கூலிவேலைக்குப் போய்த் தனியாகக் குடும்பம் நடத்துபவர். வேலிப் படலையடியில் நின்று கேட்டேன். அவர் உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

“குடுத்துப்போட்டுத் திருப்பி வாங்கினவையைக் கன பேரைக் கண்டிட்டன் ரீச்சர். இப்ப நீங்களுமோ?”

மட்டைத் துண்டுக்கு இவ்வளவு வீறாப்பா என்று பொருமிக்கொண்டே திரும்பினேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. முந்தின மாதம் நிவாரணக்காரர் அவருக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள். ஒரு கிழமை கழித்து, பட்டியலில் பெயர் பிழையென்று வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, நானும்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே போனேன்.

“நீங்கள் தரவேண்டாம். கொண்டுவந்து உங்கட கையாலை வையுங்கோ. போகேக்கை எடுத்துக்கொண்டு போங்கோ.”

பத்து மணிபோல அவர் துண்டுகள் போட்ட பால்மாத் தகரப் பேணியோடு வந்து பாயில் குந்தினார். பேணியில் ஒருவரையும் கைவைக்க விடவில்லை. அவர் நிறத்தைப் பார்க்கவேயில்லை. ஓட்டையைத்தான் பார்த்தார். ஓட்டையின் வளைவை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் துண்டை எடுத்தார். ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே போய் உட்கார்ந்தது. நாலு நாளாக எனக்குத் தோன்றாத வழி அது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கடைசித் துண்டில் மற்றப் பாதிக் கண் இருந்தது. ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக் குதிரை. மன்னார் பட்டணத்துத் தெருக்களில் கழுதையை மட்டுமே கண்ட பிள்ளைகள், கழுதை, கழுதை என்று கத்தினார்கள். அந்தத் தாயும் சிரித்துவிட்டார். இருபது வீட்டுத் துண்டுகளும் ஒரே பாயில் சேர்ந்து கிடந்தன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேணிக்குள் போட்டு மூடினார். குதிரைக்கு முகம் போய்விட்டது. சொன்ன சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கியவர், முற்றத்தில் நின்று திரும்பினார்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு வர?”

எட்டரைக்கு என்றேன்.